கார் இஞ்சினைப் பாதுகாப்பாகத் தூக்கி ஸ்டாண்டில் பொருத்துதல்

கார் இஞ்சினை முழுமையாகப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும்போது, அதை வண்டியிலிருந்து கழற்றி, தூக்கும் கருவியால் வெளியே எடுத்து, சுழலும் தலையுள்ள ஸ்டாண்டில் பொருத்துவார்கள். நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின் கியர் பாக்ஸுடன் 200 கிலோவைத் தாண்டக்கூடும். ஒரு டன் தூக்கும் கருவிக்கு இது பெரிய சுமையல்ல. சுமை எங்கே தொங்குகிறது, எந்தக் கோணத்தில் கட்டப்பட்டுள்ளது, எடை மையம் எங்கே உள்ளது என்ற மூன்றையும் கவனிக்காதபோதுதான் ஆபத்து நேர்கிறது.

தூக்கும் கருவிகள்

விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு போன்ற ஊர்களில், கிணற்றிலிருந்து பம்பு மோட்டாரைத் தூக்க முக்காலியில் மாட்டும் செயின் பிளாக் பலருக்கும் பழக்கமானது. கார் இஞ்சினுக்கும் அதுவே பயன்படும். அதனுள் பிரேக் இருப்பதால் இழுக்கும் கையை விட்டாலும் சுமை கீழே இறங்காது. வெறும் கப்பியும் கயிறும் இந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை.

செயின் பிளாக்கை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். மரக்கிளையின் உள்ளே கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியாது. தகரக் கூரையைத் தாங்கும் குழாய், தொங்கும் சுமைக்காக அமைக்கப்பட்டதல்ல. இரும்பு முக்காலி அல்லது சுமை கணக்கிட்டு அமைத்த இரும்பு உத்தரமே ஏற்றது.

மற்றொரு கருவி, ஹைட்ராலிக் ஜாக்கியால் இயங்கும் சக்கரக் கிரேன். இதன் கையை நீட்டவும் சுருக்கவும் முடியும். பள்ளியில் படிக்கும் நெம்புகோல் விதி இங்கே பொருந்துகிறது: கை நீள நீள, தூக்கும் திறன் குறையும். இரண்டு டன் கிரேன் எனப்படுவது, கையை முழுவதும் நீட்டிய நிலையில் அரை டன் மட்டுமே தூக்கும் வகையில் அமைந்திருக்கலாம். கையில் உள்ள ஒவ்வொரு துளையின் அருகிலும் எழுதியுள்ள அளவே உண்மையான திறன். கொக்கி எப்போதும் முன்கால்களின் முனைக்கு உட்புறமாகத் தொங்க வேண்டும். வெளியே போனால் கிரேன் கவிழும்.

சங்கிலியின் கோணம்

இஞ்சினின் இரு முனைகளிலிருந்து வரும் சங்கிலிகள் கொக்கியில் சேரும் கோணம் விரிய விரிய, ஒவ்வொரு சங்கிலியிலும் இழுவிசை கூடும். 200 கிலோ இஞ்சினுக்கு ஒவ்வொரு சங்கிலியும் தாங்கும் அளவு:

- 60 பாகையில் ஏறத்தாழ 115 கிலோ
- 90 பாகையில் ஏறத்தாழ 141 கிலோ
- 120 பாகையில் 200 கிலோ

120 பாகையில் இரண்டு சங்கிலிகள் இருந்தும் ஒவ்வொன்றும் முழு எடைக்குச் சமமான விசையைத் தாங்குகிறது. ஆகவே கோணத்தை 60 பாகைக்குள் வைப்பது நல்லது. இஞ்சினில் தூக்குவதற்கென உள்ள வளையங்களிலேயே சங்கிலியை மாட்ட வேண்டும்.

தூக்கும் முறை

1. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தேங்கும். பட்டாசுத் தொழில் நடக்கும் பகுதியினருக்குத் தீப்பொறியின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. பெட்ரோல் ஆவிக்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.
2. இஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் நீரையும் ஆயிலையும் வடிக்க வேண்டும்.
3. ஒயர்களையும் குழாய்களையும் அடையாளமிட்டுக் கழற்ற வேண்டும். கியர் பாக்ஸ் வண்டியிலேயே இருக்குமானால் அதன் அடியில் ஜாக்கி கொடுக்க வேண்டும்.
4. சங்கிலி விறைத்த பின்னரே மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்.
5. இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தி, மாட்டியுள்ள ஒயர் ஏதும் உண்டா, இஞ்சின் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் இறக்கி, சங்கிலியை மாற்றிக் கட்ட வேண்டும்.
6. சக்கரக் கிரேனை நகர்த்துமுன் இஞ்சினைத் தரைக்கு அருகே இறக்க வேண்டும். உயரத்தில் ஆடும் சுமை கிரேனையே சாய்த்துவிடும்.

தொங்கும் இஞ்சினின் அடியில் கையோ காலோ வைக்கக்கூடாது. நழுவும் இஞ்சினைப் பிடிக்க முயலாமல் விலகிவிட வேண்டும்.

ஸ்டாண்டில் பொருத்துதல்

இஞ்சின் கிரேனில் தொங்கும்போதே கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றி, கியர் பாக்ஸ் சேரும் பின்பக்கத் துளைகளில் ஸ்டாண்டின் நான்கு கைகளையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். போல்ட்டின் மரை, அதன் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே ஏற வேண்டும். அலுமினிய பிளாக்கில் ஒன்றரை மடங்கு தேவை. ஸ்டாண்டின் சுழல் அச்சு இஞ்சினின் எடை மையத்தின் வழியே செல்லுமாறு கைகளை அமைக்க வேண்டும். அச்சு விலகியிருந்தால், பூட்டு முளையை எடுத்தவுடன் இஞ்சின் தானாகப் புரண்டு கைப்பிடியில் இருப்பவரை அடிக்கும். பின்னர் கிரேனை மெல்ல இறக்கி, முழு எடையும் ஸ்டாண்டுக்கு மாறியதைப் பார்த்த பிறகே சங்கிலியை அவிழ்க்க வேண்டும். மூன்று சக்கர ஸ்டாண்டைவிட நான்கு சக்கர ஸ்டாண்டு எளிதில் கவிழாது.

சட்டமும் பரிசோதனையும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் தகுதியுள்ளவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என விதித்தது. கப்பித் தொகுதிகளும் இதில் அடங்கும். ஆனால் மின்விசையுடன் இயங்கும் இடமானால், பொதுவாக 10 பேராவது வேலை செய்தால்தான் அச்சட்டம் பொருந்தியது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் பரிசோதகர் வருவதில்லை. வாய் விரிந்த கொக்கி, தாழ் உடைந்த கொக்கி, நீண்ட சங்கிலிக் கண்ணி, ஆயில் கசியும் ஜாக்கி ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அங்குள்ள மெக்கானிக்கின் பொறுப்பாகவே உள்ளது. ஒவ்வொரு முறை தூக்குவதற்கு முன்னும் இதற்குச் சில நிமிடங்கள் போதும்.