பீங்கான் வடிகட்டியும் பெரிய வண்டியும்

கடலூர் மாவட்டத்தின் மேற்கோரத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலங்களுக்கு நடுவே அமைந்த மங்களூர் ஒன்றியத்துக் கிராமங்களில், உயரமான சக்கரங்களும் அகன்ற முகமும் ஏழு பேர் அமரும் இடமும் கொண்ட எஸ்யூவி வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் நிற்கத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. மேடுபள்ளமான சாலைகளுக்கு அவற்றின் உயரம் உதவுகிறது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று குடும்பமே ஒருங்கு புறப்பட வேண்டிய வேளைகளில் அவற்றின் விசாலம் உதவுகிறது. ஆகையால் கடன் பட்டேனும் அவற்றை வாங்குகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாங்கி ஓராண்டு ஈராண்டு கழிவதற்குள், மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது, திரை இருண்டுவிடுகிறது, மைலேஜ் சொன்னபடி இல்லை என்ற முறையீடுகள் எழுகின்றன. இவற்றுள் எது யந்திரத்தின் சுபாவத்தால் விளைவது, எது தொழிற்சாலையில் நேர்ந்த பிழை, எது உபயோகத்தின் கோளாறு என்பதைப் பிரித்தறிந்தாலன்றிப் பரிகாரம் தேடவும் வழியில்லை. பிரித்துச் சொல்ல வேண்டியவர்களோ பெரும்பாலும் சொல்வதில்லை.

டீசல் வண்டிகளைப் பற்றிய முறையீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்தப் பக்கத்தில் மிகுதியாகக் கவனிக்கப்பட வேண்டியது அதுவே. 2020 ஏப்ரல் 1 முதல் நம் தேசத்தில் விற்கப்படும் புதிய வண்டிகள் யாவும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. நான்காம் படியிலிருந்து ஐந்தைத் தாண்டி ஆறாம் படிக்கு ஒரே எட்டில் ஏறியதனால், டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்றிருந்த கரித்துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. எரிபொருளைத் திருத்தியும் எஞ்சினைத் திருத்தியும் மட்டும் இந்த அளவை எட்ட இயலாமையால், புகை வெளியேறும் பாதையிலேயே ஒரு வடிகட்டியைப் பொருத்த வேண்டியதாயிற்று. மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

இந்த வடிகட்டி பீங்கானால் ஆனது என்பது, பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு விசேஷ அக்கறைக்குரிய விஷயம். களிமண்ணையும் கனிமப் பொடிகளையும் சேர்த்துப் பிசைந்து, வடிவம் கொடுத்து, உலர்த்தி, சூளையில் சுடுகின்ற அதே ஆதி வித்தைதான் இங்கும். வேறுபாடெல்லாம் நுட்பத்தில் இருக்கிறது. மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவை சேர்ந்த கார்டியரைட் என்னும் பீங்கானோ, சிலிக்கான் கார்பைடோ இதற்குப் பயன்படுகிறது. உஷ்ணம் ஏறி இறங்கும்போது கார்டியரைட் மிகக் குறைவாகவே விரிந்து சுருங்குவதால் எளிதில் வெடிப்பதில்லை. தேன்கூட்டைப் போல, ஒரு சதுர அங்குலத்தில் 200 முதல் 300 வரை நுண்ணிய குழல்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. ஒரு குழலின் முன்வாயும் அடுத்த குழலின் பின்வாயும் மாறிமாறி அடைக்கப்பட்டிருப்பதனால், உள்ளே நுழைந்த புகை நேராக வெளியேற வழியின்றி, பீங்கான் சுவரின் சூட்சுமத் துவாரங்களை ஊடுருவியே அடுத்த குழலுக்குப் போக வேண்டும். கரி சுவரில் தங்கிவிடுகிறது, காற்று கடந்துவிடுகிறது.

தங்கிய கரி என்ன ஆவது? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அதை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் உஷ்ணம் வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது வடிகட்டி போதிய சூட்டை எளிதில் அடைகிறது. கரி மிகுந்துவிட்டதென்று கணினி கண்டால், கொஞ்சம் டீசலைக் காலந்தாழ்த்திப் பீய்ச்சிச் சூட்டை உயர்த்தி, பத்து இருபது நிமிஷத்தில் எரித்து முடித்துவிடுகிறது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, பிறகு கொல்லைக்கு ஒரு நடை, மாலையில் திட்டக்குடிக் கடைவீதிக்கு ஒரு நடை என்று ஐந்தாறு கிலோமீட்டர்களாகவே ஓடி நிற்கும் வண்டியிலோ, எஞ்சின் சூடேறுவதற்குள் சாவி அணைக்கப்படுகிறது. எரிப்பு பாதியில் நிற்கிறது. மறுநாள் மீண்டும் தொடங்கி மீண்டும் நிற்கிறது. கரி அடர்ந்து விளக்கு எரிகிறது. அதையும் கவனியாது ஓட்டினால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதனினும் மறைவான ஆபத்து ஒன்று உண்டு. அரைகுறையாக நின்ற எரிப்புகளுக்காகப் பீய்ச்சப்பட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே கசிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்து, ஆயில் குறையவில்லையே, ஏறியல்லவா இருக்கிறது என்று ஆறுதல் அடைகிறவர்கள், நீர்த்துப்போன அந்த ஆயில் டர்போவையும் பேரிங்குகளையும் தேய்த்துவிடும் என்பதை அறியார்.

பரிகாரம் கடினமானதன்று. வாரத்துக்கு ஒருமுறையேனும் ராமநத்தத்தில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஏறி, வேப்பூர் வரையில் சீரான வேகத்தில் போய்த் திரும்பினால், பெரும்பாலான வண்டிகளில் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்திவிடுவதைக் காட்டிலும் அவ்வாறு ஓட்டுவதே பல வண்டிகளுக்கு உற்ற சிகிச்சை; எனினும் அவரவர் வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது. விளக்கு சிவப்பாக மாறினாலோ மினுக்கினாலோ சர்வீஸ் சென்டர்தான் வழி. கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே நிரந்தரமாகத் தங்கும், ஆதலால் கையேட்டில் குறித்த குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர மலிவான வேறொன்றை ஊற்றுவது, விலையுயர்ந்த அந்தப் பீங்கானின் ஆயுளைக் கையாலேயே குறைப்பதாகும். வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டுக் கணினியை ஏமாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் போகவே வேண்டாம். அது விதிமீறல், உத்தரவாதமும் போய்விடும், அந்தக் கரியைச் சுவாசிக்கப்போவதும் நம் குழந்தைகளே.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஆட்புளூ. பல டீசல் எஸ்யூவிகளில் தனித் தொட்டியில் ஊற்றப்படும் இந்தத் திரவம், நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியாவைக் கனிமம் நீக்கிய நீரில் கரைத்தது. யூரியாதானே, வீட்டில் மூட்டையே இருக்கிறதே என்ற எண்ணம் விவசாயிக்கு எழுவது இயல்பு. ஆனால் நமக்குக் கிடைக்கும் உர யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அந்தப் பூச்சும் கிணற்று நீரின் உப்பும் ஊசித்துளை போன்ற பீய்ச்சுக்குழலை அடைத்துவிடும். முத்திரையிட்ட டப்பாவே வாங்க வேண்டும். தொட்டி வற்றினால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி கணினி தடுத்துவிடும் என்பதால், வற்றவிடவும் கூடாது.

பெட்ரோல் வண்டிக்காரர்களின் முறையீடு பெரும்பாலும் மைலேஜைப் பற்றியது. 2025ஆம் ஆண்டு முதல் தேசமெங்கும் பரவலாகக் கிடைப்பது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலினதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஓட்டத்தில் ஓரளவு குறைவு நேர்வது ரசாயனத்தின் நியதி. அதை வண்டியின் பழுதென்றும் சொல்லக்கூடாது, நம் பிரமையென்றும் ஒதுக்கக்கூடாது. எத்தனாலுக்குரிய மூலப்பொருள்களில் மக்காச்சோளம் இன்று முக்கியமானதாகிவிட்டதால், இந்த மாற்றத்தில் நம் வயல்களுக்கும் பங்குண்டு. அதற்காக, வாங்குகிறவனிடம் உண்மையான மைலேஜை மறைப்பது நியாயமாகிவிடாது. இரட்டைக் கிளச்சு ஆட்டோமேட்டிக் வண்டிகளில், ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலிலும் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியே வண்டியை நிறுத்திவைப்பதிலும் உலர்ந்த கிளச்சுத் தட்டுகள் சூடேறி எச்சரிக்கை வரும். ஏற்றத்தில் நிற்க பிரேக்கை உபயோகித்தால் பாதித் தொல்லை தீரும்.

மின்னணுக் கோளாறுகள் வேறொரு வகை. புதிய வண்டிகளில் திரை, காமிரா, ராடார், ஏர்பேக், பிரேக் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சிறு கணினிகளாக இருப்பதனால், ஒன்று மௌனமானால் பிறவும் தடுமாறுகின்றன. திரை உறைந்துபோவது பெரும்பாலும் மென்பொருளைப் புதுப்பித்தால் தீர்வது. முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும் வசதியைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். கோடுகள் தெளிவாக வரையப்பட்ட பெருஞ்சாலையை மனத்திற்கொண்டு அமைந்த அந்த ஏற்பாட்டை, அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் சோளம் காய்கின்ற, திடீரென்று ஆடும் மாடும் குறுக்கிடுகின்ற நம் கிராமத்துச் சாலையில் நம்பிவிடக் கூடாது. காரணமின்றி அது பிரேக் போடுவதும் உண்டு, போட வேண்டிய இடத்தில் போடாமலிருப்பதும் உண்டு. ராடார் இருக்கும் முகப்பில் சேறு படிந்திருந்தாலே அது குழம்பும். மழைக்காலத்தில் உள்கூரை நனைந்தால், சன்ரூஃபின் நான்கு மூலைகளிலுள்ள வடிகுழாய்களில் இலையும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எலி கடித்த ஒயரோ உத்தரவாதத்தில் அடங்காது. தானியம் சேர்த்த கொட்டகையில் வண்டியை நிறுத்தாதிருப்பதே நல்லது.

இனி, உபயோகிப்பவருக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத, தொழிற்சாலையிலேயே பிறந்த பிழைகள். செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவாக்கப்பட்டு 2021இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற எக்ஸ்யூவி 700 வண்டிகளில் 1,08,306ஐ, எஞ்சின் பகுதியில் ஒயர்க்கட்டு உராயக்கூடும் என்று பரிசோதிக்க 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது. அதே ஆண்டு ஜூனில், மீட்டர்த் திரை இருண்டுவிடக்கூடும் என்று கியா கேரன்ஸ் வண்டிகளில் 30,297 அழைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் மின்னணு ஆயில் பம்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக ஹூண்டாய் கிரெட்டா, வெர்னா வண்டிகள் 7,698ம், கியா செல்டாஸ் 4,358ம் அழைக்கப்பட்டன. 2025 நவம்பரில் எரிபொருள் அளவுகாட்டி சரியாகக் காட்டாமற் போகலாம் என்று மாருதி கிராண்ட் விட்டாரா 39,506ம் அழைக்கப்பட்டன. இவ்வாறு அழைப்பதை அந்த நிறுவனங்களுக்கு இழிவாகக் கொள்ளுதல் தவறு. பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு இலவசமாகத் திருத்தித் தரும் நிறுவனம், மறைக்கும் நிறுவனத்தைவிட மேலானது. ஆனால் அழைப்பு உரியவரைச் சென்று சேருகிறதா என்பதே கேள்வி. ஷோரூமில் யாரோ ஒரு மைத்துனரின் போன் நம்பரைக் கொடுத்து வாங்கியவர்களுக்கும், இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கும் அந்தச் செய்தி வருவதேயில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவும், அதன்கீழ் 2021 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த விதிகளும், ஏழாண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் ஒரே பழுதைப் பற்றிய புகார்கள் வகுக்கப்பட்ட எண்ணிக்கையை எட்டினால், திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கின்றன. எண்ணிக்கையின் மேல் நிற்கும் சட்டம் இது. சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வருகிற முறையீடு எந்த எண்ணிக்கையிலும் சேராது.

நான் மிகவும் வருந்துவது இதைப் பற்றித்தான். எந்தக் கோளாற்றைச் சொன்னாலும், எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவதும், அதற்குமேல் பேசக் கூச்சப்பட்டு நம்மவர்கள் திரும்பிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்ற ஒரே கேள்வியை விற்கும்போதே கேட்டிருந்தால், குறுந்தூரம் மட்டுமே ஓட்டுகிற குடும்பத்துக்கு டீசல் பொருந்தாதென்று அப்போதே தெரிந்திருக்கும். கேட்காமல் விற்றுவிட்டு, வடிகட்டி அடைத்த பிறகு, நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை என்று பழியை வாங்கியவன் தலையில் போடுவது அநியாயம். வண்டியின் குணத்தை வாங்குகிறவனுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்வது: ஒவ்வொரு முறையும் உங்கள் முறையீட்டை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் செய்து, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எரிகிற விளக்கைப் போனில் படம் எடுத்துவையுங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள பதினேழு எழுத்துச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதேனும் நிலுவையில் உண்டா என்று ஆண்டுக்கொரு முறையாவது நிறுவனத்திடம் விசாரியுங்கள். அதே பழுது திரும்பத் திரும்ப வந்தும் தீர்வில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் பயனில்லையெனில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வண்டியைச் சென்னையிலேயே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம். 50 லட்ச ரூபாய் வரை விலையுள்ள வண்டிகளைப் பற்றிய வழக்குகளை அந்த ஆணையமே விசாரிக்கும்; 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலை கொடுத்த வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான்; முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.