குழந்தை சப்பச் சப்பச் சுரக்கும் தாய்ப்பால்

“பால் பத்தவில்லை போலிருக்கிறது.” பிள்ளை பெற்ற இரண்டாம் நாளே பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. உடனே புட்டியும் பால்மாவும் வந்துவிடும். பால் எப்படிச் சுரக்கிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் குறையும்.

குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. அங்குள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை விடுகிறது. புரொலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். குழந்தை குடித்துவிட்டால் கூடும். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது. அப்போது பால் உண்மையிலேயே குறையத் தொடங்கும்.

முதல் நாள்களில் வருவது நோய் எதிர்ப்புப் பொருள் நிறைந்த சீம்பால். அளவில் கொஞ்சம்தான், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும். மூன்று நான்கு நாளில் பால் பெருகும்.

காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலிக்கும். பாலும் சரியாக வராது. குழந்தை வாயை அகலத் திறந்து, கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். முகவாய் மார்பில் பட வேண்டும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை கொடுக்கலாம்.

ஐந்தாம் நாளுக்குப்பின் தினமும் 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். இல்லையென்றால் தாமதிக்காமல் கிளினிக்கில் தாதியிடம் காட்டுங்கள். சில தாய்மாருக்கு மருத்துவக் காரணத்தால் பால் குறைவதும் உண்டு.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 1992இல் தொடங்கிய இதை ஒருங்கிணைக்கும் ‘வாபா’ அமைப்பின் செயலகம் இருப்பது நம் பினாங்கில்தான்.