காந்தம் கட்டினால் குடல் புற்று கரையுமா?

"வயித்துல கட்டியா? கத்தி வைக்க விடாதீங்கண்ணே. காந்தம் கட்டுங்க. கரைஞ்சு போயிடும்!"

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இந்தப் பேச்சு காதில் விழும். ஸ்ரீரங்கம் போகிற 1-ம் நம்பர் பஸ்சிலும் விழும். துறையூரில் இருந்து பச்சைமலைக்கு ஏறுகிறவர்களின் காதிலும் யாராவது ஒருவர் ஓதி விடுவார்.

காந்த பெல்ட், காந்தப் படுக்கை, காந்தம் போட்டு வைத்த தண்ணீர் என்று சரக்கு பல தினுசு. விலை ஆயிரக் கணக்கில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. காந்த சக்தியால் புற்று நோய்க் கட்டிக்குச் சூடு போடலாம். அந்த யோசனையைக் கொடுத்தவரும் ஒரு குடல் ஆபரேஷன் டாக்டர் தான்.

ஆனால் டாக்டர் சொன்ன காந்தம் வேறு. பெல்ட்டில் தைத்து விற்கிற காந்தம் வேறு. வித்தியாசம் தெரியாமல் பெல்ட்டைக் கட்டிக் கொண்டு மூன்று மாதம், ஆறு மாதம் ஓட்டி விட்டால், கத்தியால் எடுத்திருக்கக் கூடிய கட்டி எடுக்க முடியாத கட்டி ஆகி விடும்.

சிகாகோ டாக்டர்

அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஆர்.கே.கில்கிறிஸ்ட் என்று ஒரு சர்ஜன் இருந்தார். மலக்குடல் புற்று நோய் எந்த வழியாகப் பரவுகிறது என்பது தான் அவருடைய ஆராய்ச்சி. இது பற்றி 1938-ல் இன்னொரு டாக்டருடன் சேர்ந்து கட்டுரை எழுதினார்.

குடலை ஒட்டி நிணநீர்க் கட்டிகள் உண்டு. மிளகு, கடலை அளவில் இருக்கும். குடலில் இருக்கும் புற்று முதலில் இங்கே தான் போய் ஒளிந்து கொள்ளும். சர்ஜன் குடலை வெட்டி எடுப்பார், பக்கத்தில் உள்ள நிணநீர்க் கட்டிகளையும் எடுப்பார். கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று தங்கி விட்டால்? இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பி வரும். நோயாளி மறுபடி ஆபரேஷன் மேஜையில் படுப்பார்.

"கத்தி போகாத இடத்துக்கு எது போகும்?" இது தான் கில்கிறிஸ்ட்டைக் குடைந்த கேள்வி.

அவருக்குக் கிடைத்த விடை இரும்புத் தூள். துருப்பிடித்த இரும்பு இருக்கிறதே, அந்த வகை இரும்பு ஆக்சைடு. தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஒரு தூள் அந்த அளவு தான். அதை விடச் சிறியதும் உண்டு. நிணநீர் எந்தப் பாதையில் ஓடுமோ அதே பாதையில் இந்தத் தூளும் போய்க் கட்டியில் உட்கார்ந்து கொள்ளும். வெளியே இருந்து, திசை மாறி மாறி அடிக்கும் காந்த அலையைச் செலுத்தினால் தூள் சூடாகும். கூடவே கட்டியும் வேகும்.

நாய்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். வினாடிக்கு 12 லட்சம் சுற்று மாறும் காந்த அலை. நிணநீர்க் கட்டி சூடேறியது. 1957-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. காந்தச் சூடு சிகிச்சைக்கு மூலக் கட்டுரை அது தான்.

இண்டக்சன் அடுப்பு மாதிரி

"திசை மாறி மாறி" என்பதில் தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டில் இண்டக்சன் அடுப்பு இருந்தால் பாருங்கள். மேலே கண்ணாடி. தீ கிடையாது. இரும்புப் பாத்திரம் வைத்தால் மளமளவென்று சூடேறும். மண் சட்டி வைத்தால் அடுப்பு வேலையே செய்யாது. அடியில் இருக்கும் செம்புச் சுருளில் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரம் திசை மாறுகிறது. அந்தக் காந்த அலை இரும்பை மட்டும் தேடிப் பிடித்துச் சூடாக்குகிறது. நுண்ணிய தூள் சூடாகும் விதம் கொஞ்சம் வேறு என்றாலும், இரண்டும் ஒரே குடும்பம்.

பெல்ட்டில் இருப்பதோ அசையாத காந்தம். திசையும் மாறாது. அதை வயிற்றில் பத்து வருஷம் கட்டினாலும் ஒரு டிகிரி கூட ஏறாது. கட்டிக்குள் இரும்புத் தூளும் கிடையாது. வேர்க்கும், அவ்வளவு தான்.

சூட்டுக்கும் புற்றுக்கும் என்ன பகை?

இது பழைய கதை. 1866-ல் ஜெர்மனியில் புஷ் என்ற டாக்டர் ஒரு பெண் நோயாளியைப் பார்த்தார். முகத்தில் புற்றுக் கட்டி. தோல் சிவந்து வீங்கும் ஒரு தொற்று அவருக்கு வந்து, கடும் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு கட்டியும் வற்றிப் போனதாக டாக்டர் எழுதி வைத்தார்.

பிற்காலத்தில் காரணம் தெரிந்தது. கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக இருக்கும். நல்ல சதையில் சூடு ஏறினால் ரத்தம் வேகமாக ஓடி ஆற்றி விடும். கட்டியால் அப்படி ஆற்றிக் கொள்ள முடியாது. 108 முதல் 113 டிகிரி பாரன்ஹீட் வரை சூடு நின்றால் புற்று செல் துவண்டு போகும். அந்த நேரத்தில் கதிர் வீச்சோ மருந்தோ கொடுத்தால் இரட்டிப்பாகக் கேட்கும். ஆகவே சூடு தனி வைத்தியம் ஆகாது. பெரும்பாலும் துணை வைத்தியம்.

பெர்லின் வரை போனது

கில்கிறிஸ்ட்டின் யோசனை முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. பிறகு ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஆந்த்ரேயாஸ் ஜோர்டான் என்ற விஞ்ஞானி அதைக் கையில் எடுத்தார். மூளையில் வரும் ஒரு கொடிய புற்றுக் கட்டிக்குள் ஊசி மூலம் இரும்புத் தூள் திரவத்தை ஏற்றினார்கள். நோயாளியைக் காந்த எந்திரத்துக்குள் படுக்க வைத்துச் சூடு கொடுத்தார்கள். கூடவே கதிர் வீச்சும் உண்டு.

கட்டி திரும்பி வந்த 59 நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை செய்து, முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். நோய் திரும்பியது தெரிந்த நாளில் இருந்து, சரி பாதிப் பேர் 13 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். அந்த நோய்க்கு இது நல்ல கணக்கு. ஆனால் சூடு கொடுக்காத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே பெரிதாகக் கொண்டாட முடியாது.

ஐரோப்பாவில் 2010-ல் அனுமதி கிடைத்தது, மூளைக் கட்டிக்கு மட்டும். நிபந்தனைகளும் சுலபம் இல்லை. சிகிச்சை நடக்கும் இடத்தில் இருந்து 40 சென்டிமீட்டருக்குள் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பல்லில் அடைத்த உலோகத்தைக் கூடப் பெயர்த்து எடுக்க வேண்டும்!

இதை விற்ற பெர்லின் கம்பெனி 2022-ல் திவால் மனு கொடுத்தது. பெல்ட் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நம் மாநிலத்தில் கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் இந்த இரும்புத் தூள் திரவத்தை ஆராய்ந்து இருக்கிறார்கள். எந்தத் தூள் எவ்வளவு சூடாகும் என்று வெப்பத்தைக் காட்டும் காமிரா வைத்து அளந்தார்கள். இதெல்லாம் பரிசோதனைச் சாலை வேலை. நோயாளிக்குச் செய்த சிகிச்சை அல்ல.

வயிற்றுக்கு ஏன் வரவில்லை?

குடல் நோய்க்காகப் பிறந்த யோசனை மூளைக்குப் போய் விட்டது. குடலுக்கு இன்னும் வரவில்லை. ஏன்?

மூளை மண்டை ஓட்டுக்குள் ஆடாமல் இருக்கும். ஊசியில் ஏற்றிய தூள் ஏற்றிய இடத்திலேயே நிற்கும். வயிறும் குடலும் ஓயாமல் நெளிந்து கொண்டே இருக்கும். சரி, ரத்தத்தில் ஏற்றலாம் என்றால், முக்கால்வாசித் தூளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக் கொள்ளும். வயிற்றின் சுற்றளவும் பெரிது. காந்த அலையைக் கூட்டினால் நல்ல சதையும் சூடாகும்.

கில்கிறிஸ்ட் தேடிய மிளகு அளவு கட்டிக்கு இன்னொரு தொல்லை. சின்னப் பொருள் சீக்கிரம் ஆறி விடும். ஒரு சொட்டு காபி ஆறுகிற வேகத்தில் டம்ளர் காபி ஆறுவது இல்லையே!

வயிற்றுக்குள் சூடு போடும் சிகிச்சை ஒன்று இப்போதும் இருக்கிறது. அதில் காந்தம் கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் சூடான புற்று மருந்தை வயிற்றுக்குள் ஓட விட்டுக் கழுவுகிறார்கள். பெரிய நகரங்களில் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. இதையும் பிரான்ஸ் நாட்டில் பெருங்குடல் புற்று பரவிய 265 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன் மட்டும். பாதிப் பேருக்கு ஆபரேஷனும் சூட்டு மருந்தும். ஆயுள் இரு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்று தான். முடிவு 2021-ல் அச்சில் வந்தது. அவ்வளவு தேர்ந்த ஆபரேஷன் தான் ஆயுளைக் கொடுத்தது என்று தெரிந்தது.

மரவள்ளியும் எலியும்

வயிற்று நோய் ஆராய்ச்சி நமக்குப் புதிது அல்ல.

கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. அந்தக் காலத்தில் அது திருவாங்கூர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற வெள்ளைக்கார சர்ஜன், அங்கே காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து விட்டு, லண்டன் உத்தியோகத்தை வேண்டாம் என்று சொல்லி நெய்யூருக்கே வந்து விட்டார். வந்தவர்களில் வயிற்றுப் புண்ணுக்காரர்கள் ஏராளம். ஆபரேஷன் செய்து கொண்டே காரணத்தையும் தேடினார். 1936-ல் ஆர் என்ற இன்னொரு டாக்டருடன் சேர்ந்து இது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஏழைகள் மரவள்ளிக் கிழங்கையே முழுச் சாப்பாடாகச் சாப்பிடுவதில் சந்தேகம் விழுந்தது. குன்னூரில் எலிகளுக்குத் திருவாங்கூர் ஏழைச் சாப்பாடு போட்டுப் பார்த்த போது எலிக்கும் வயிற்றில் புண் வந்தது.

பச்சைமலையிலும் மரவள்ளி தான் பெரிய வெள்ளாமை. மலை ஜனங்கள் பயப்பட வேண்டாம். பால், பருப்பு, காய்கறி இல்லாத வெறும் கிழங்குச் சாப்பாட்டைத் தான் டாக்டர்கள் குறை சொன்னார்கள்.

பெரிய குற்றவாளி பிறகு தான் பிடிபட்டான். 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் வயிற்றில் வாழும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்து நோயை வரவழைத்துக் கொண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. வருஷக் கணக்கில் வயிற்றில் தங்கினால் இதே கிருமி வயிற்றுப் புற்றுக்கும் வழி விடும். இரண்டு வார மாத்திரையில் இதை ஒழிக்கலாம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வார்டுகளை நிரப்பிய அல்சர் ஆபரேஷன் இதனால் அபூர்வம் ஆகி விட்டது.

அண்ணாவுக்கு வந்த நோய்

உணவுக் குழாய்ப் புற்று தான் பேரறிஞர் அண்ணாவைக் கொண்டு போனது. முதல்-அமைச்சராக இருந்த அவர், 1968 செப்டம்பரில் நியூயார்க் போய் ஆபரேஷன் செய்து கொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3-ந் தேதி காலமானார்.

முதல்-அமைச்சரே கடல் தாண்டிப் போக வேண்டி இருந்த காலம் அது. பிறகு சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்.ரங்கபாஷ்யம் ஜீரண உறுப்பு ஆபரேஷனுக்கு என்றே தனிப் பிரிவை வளர்த்தார். நாட்டுக்கே முன்னோடி அந்தப் பிரிவு. 2002-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2013-ல் மறைந்தார். அவரிடம் படித்த சர்ஜன்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வயிறு, குடல், கல்லீரல் ஆபரேஷனுக்கு இப்போது நியூயார்க் போக வேண்டியது இல்லை.

எப்போது போக வேண்டும்?

சாப்பாடு இறங்கவில்லை. நாலு வாய்க்கே வயிறு நிறைந்து விடுகிறது. காரணம் இல்லாமல் இடை குறைகிறது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, அல்லது ரத்தம் கலந்து வருகிறது. மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறி விடுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெரும்பாலும் இது அல்சராகவோ மூலமாகவோ தான் இருக்கும். "சோடா குடிச்சா சரியாப் போகும்", "சூடு தான், விளக்கெண்ணெய் தடவு" என்று தள்ளிப் போடுவதில் தான் ஆபத்து.

என்டாஸ்கோப்பி என்று குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பெயரைக் கேட்டே ஓடுகிறவர்கள் உண்டு. சுண்டு விரல் தடிமன் குழாய். வயிற்றை மட்டும் பார்க்க ஐந்து, பத்து நிமிஷம். சந்தேகம் வந்தால் அப்போதே அரிசி அளவு சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கை கொடுக்கும். ரேஷன் கார்டையும் எடுத்துக் கொண்டு போவது நல்லது.

காலையில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு போக வேண்டும். டாப் செங்காட்டுப்பட்டி பக்கத்தில் இருந்து புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், முந்தின நாளே இறங்கித் துறையூரிலோ திருச்சியிலோ தங்கி விட்டால் தான் நேரத்துக்குச் சரிப்படும்.