கலப்புப் பாடசாலையில் நம் பிள்ளைகள்



ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்தவுடன் கொழும்பில் பல முஸ்லிம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? வாப்பா ஒன்று சொல்வார். மூத்தம்மா இன்னொன்று சொல்வார். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் குடியிருப்போருக்கு இது இன்னும் சிக்கல். வீட்டுக்குக் கிட்டிய பெயர்பெற்ற பாடசாலை பெரும்பாலும் கத்தோலிக்கரால் அல்லது இந்துக்களால் தொடங்கப்பட்டதாக இருக்கும். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரி 1865 இல் தொடங்கியது. அப்படிப்பட்ட இடங்களில் நம் பிள்ளைகளும் படித்து வருகிறார்கள். "அங்கே விட்டால் பிள்ளையின் ஈமான் என்னாகும், ஹஸ்ரத்?" என்று கேட்கும் தாய்மாரை நான் குறை கூறமாட்டேன். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆனால் பதில் சொல்லுமுன் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியை 1945 இல் உருவாக்கியவரும் அவரே. இந்துப் பாடசாலை அவரது மார்க்கத்தைப் பறித்துவிடவில்லை. பின்னர் 1948 முதல் 1961 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தபோது தம் கல்லூரிக் கதவைப் பிறருக்கும் திறந்து வைத்திருந்தார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தவர், பிறகு அங்கேயே கற்பித்தவர் என்பது நம் பெண்மணிகள் பலருக்குத் தெரியாது.

இன்னும் பின்னே போவோமா? பத்ருப் போரில் கைதிகளாக வந்த மக்காவாசிகளில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்றில் படிக்கிறோம். பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? முந்திய நாள் வரை வாளேந்தி நின்றவர்கள்!

சட்டமும் ஒழுங்கும் நமக்குச் சாதகமாகவே உள்ளன. நம் நாட்டில் சமயம் க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாய பாடங்களில் ஒன்று. பிள்ளை தன் சமயத்தைத்தான் படிக்க வேண்டும். ஆகவே சேர்க்கும் நாளிலேயே, "இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? சமய நேரத்தில் என் பிள்ளை எங்கே இருக்கும்?" என்று அதிபரிடம் கேளுங்கள். சில இடங்களில் மௌலவி ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் அறிவேன். கேட்கும் பெற்றோர் ஐந்து பேர் சேர்ந்தால் அதற்கு வழி பிறக்கிறது. ஞாயிறு அஹதிய்யாவுக்கு அனுப்புவதும் உங்கள் கையில்தான். டியூஷன் வகுப்புக்காக அஹதிய்யாவை நிறுத்திவிட்டு, பாடசாலைதான் மார்க்கத்தைக் கெடுத்தது என்று சொல்வது நியாயமா, சொல்லுங்கள்!

லுஹர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பாடசாலை பகல் ஒன்றரைக்கு விடுகிறது. அஸருக்கு மூன்று மணி தாண்ட வேண்டும். வீடு வந்து தொழத் தாராளமாக நேரம் இருக்கிறது. ஆபத்து, பாடசாலையிலிருந்து நேரே டியூஷனுக்குப் போகும் நாட்களில்தான். ஆண்பிள்ளையின் ஜும்ஆவுக்குப் பெற்றோர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். மறுக்கும் அதிபர்கள் குறைவு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை உண்டு, இங்கே கிடையாது. ஆகவே நோன்பு தொடங்கு முன்பே விளையாட்டுப் பயிற்சி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பிள்ளை மைதானத்தில் மயங்கி விழுந்த பின் சொல்லிப் பயனில்லை.

இப்போது மனம் கனக்கும் விடயத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனைக்கு அது கூப்பிடு தூரம். அக்கொடுமையைச் செய்தவர்கள் நம் பெயர்களைச் சுமந்தவர்கள். அரசாங்கப் பாடசாலைகளில் மேல்வகுப்புகள் மே 6 இல் திறந்தபோது வருகை மிகக் குறைவு. வாயிலில் பெற்றோரே முறை வைத்துப் புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். உறவினரை இழந்த பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வாங்கில் உட்கார வேண்டிய நாட்கள் அவை.

அப்போது சில தாய்மார் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போனார்கள். பயத்தில் செய்தது, பழிக்கவில்லை. ஆனால் நான் கண்டது இதுதான். வகுப்பாசிரியையை முன்பே அறிந்திருந்த உம்மாமார்களின் பிள்ளைகள் எளிதாகத் திரும்பி வந்தார்கள். அறியாதவர்களின் பிள்ளைகள் அல்லாடினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில் ஆசிரியை ஒரு மேசையைக்கூட இடம் மாற்றவில்லை. யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்கச் சொன்னார். முதல் வாரம் பாடம் நடத்தவே இல்லையாம். பிள்ளைகளைப் பேசவிட்டார்; அழுதவர்களை அழவிட்டார். பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியர் ஒருவர் செய்வதும் இதைத்தான். அப்படியொருவர் உங்கள் பாடசாலையில் உண்டா என்று விசாரித்து வையுங்கள். பிள்ளை இரவில் பயந்து எழும்பினால், படிப்பில் திடீரென்று பின்தங்கினால், அவரிடம் அழைத்துப் போக வெட்கப்படாதீர்கள். அது பைத்தியத்துக்கு வைத்தியம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை.

நம் பக்கத்திலும் குறையுண்டு, சகோதரிகளே! பெற்றோர் கூட்டம் என்றால் நம்மவர் வரிசைதான் காலியாகக் கிடக்கிறது. சிரமதானத்துக்கு ஆளில்லை. 2022 இல் கொப்பியின் விலை தலைக்கு மேல் ஏறியபோது ஒரு வகுப்பின் தாய்மார் சேர்ந்து, வசதியற்ற பிள்ளைகளுக்கு இனம் பாராமல் வாங்கிக் கொடுத்தார்கள். நம்மவர் ஒருவர், "காபிரான பிள்ளைக்கு நம் காசு கூடுமா?" என்று என்னிடம் கேட்டார். ஸக்காத்துக்குத்தான் வரையறைகள் உண்டு. ஸதகாவில் பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன்.

வாணி விழாவும் கரோல் நிகழ்ச்சியும் வரும்போது என்ன செய்வது? வணக்கத்தில் நம் பிள்ளை பங்குகொள்ளக் கூடாது. அதை ஆசிரியரிடம் முகம் சுளிக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். கதிரை அடுக்குவதும், விருந்தினருக்குத் தண்ணீர் கொடுப்பதும், மேடைக்கு மின்விளக்குப் பூட்டுவதும் வணக்கமல்ல. அதற்குப் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

பலகாரமும் அப்படியே. படைத்ததை உண்ண மாட்டோம் என்பது நம்முடன் பழகிய தமிழ்ச் சகோதரிகளுக்கு நன்றாகவே தெரியும். வெள்ளவத்தையில் ஒரு தாய், தைப்பொங்கலன்று படையலுக்கு முன்பே எடுத்து வைத்த பலகாரத்தை ஒரு டப்பாவில் போட்டு, "இது படைக்காதது என்று உன் கூட்டாளியின் உம்மாவிடம் சொல்" எனத் தம் மகனிடம் கொடுத்தனுப்பினார். அந்த டப்பா நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பத்துடன் திரும்பிப் போனது.