வானத்தில் வரும் 'பாரின் சரக்கு': 3-வது பாட்டிலில்தான் வில்லங்கம்!
தர்மபுரிக்கு லீவில் வருவோர் மாட்டிக்கொள்வது எங்கே?

அதிகாலை 4 மணி. தர்மபுரி பஸ் நிலையம்.

பெங்களூர் பஸ் வந்து நிற்கிறது. கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, சக்கரம் வைத்த சூட்கேஸ், தோளில் ஒரு பை. இறங்குகிறவர் முகத்தைப் பார்த்தாலே ஆட்டோக்காரர்களுக்குத் தெரிந்து விடும். "துபாயா, சவூதியா அண்ணே?"

பெட்டி வீட்டுக்குள் போய் 10 நிமிடம் ஆகியிருக்காது. வாசலில் செருப்புச் சத்தம். மாமா வருவார். மச்சான் வருவார். பக்கத்து வீட்டு அண்ணன் பல் குச்சியோடு வந்து திண்ணையில் உட்காருவார்.

"பயணமெல்லாம் சவுரியமாப்பா?"

இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கண் மட்டும் பெட்டி மேலேயே இருக்கும்.

சென்ட் பாட்டில், சாக்லேட், தலைவலித் தைலம், அம்மாவுக்கு ஒரு போர்வை. இதெல்லாம் பெண்கள் பக்கம் போய்விடும். ஆண்கள் பக்கம் காத்திருப்பது வேறு பாட்டிலுக்கு. அதைக் கொண்டு வராதவன் 2 வருஷம் வெயிலில் நின்று சம்பாதித்தும் கஞ்சன் என்று பெயர் வாங்குகிறான். கொண்டு வருகிறவன் சில சமயம் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்கிறான்.

மாட்டிக்கொள்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மூன்றாவது பாட்டில்!

2 லிட்டர் கணக்கு

தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் அங்கே விமானம் பறக்க ஆரம்பித்தது. இடையில் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஆனால் அது உள்நாட்டு விமானத்துக்கு. வளைகுடாவில் இருந்து வருகிறவர்களுக்கு பெங்களூர் தேவனஹள்ளி அல்லது சென்னை மீனம்பாக்கம்தான் வாசல்.

அந்த வாசலில் நிற்பது சுங்க இலாகா. அவர்கள் கணக்கு ரொம்ப சுலபம். வெளிநாட்டில் இருந்து வரும் ஒரு பயணி வரி இல்லாமல் கொண்டு வரலாம் என்று அனுமதித்திருப்பது 2 லிட்டர் மது. விஸ்கியோ, பிராந்தியோ, ஒயினோ, எல்லாம் சேர்த்து 2 லிட்டர். ஒவ்வொன்றிலும் 2 லிட்டர் அல்ல.

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'பாட்டில்' கணக்கு வேறு, 'லிட்டர்' கணக்கு வேறு. 1 லிட்டர் பாட்டில் என்றால் 2. சரி. முக்கால் லிட்டர் பாட்டில் 2 என்றால் ஒன்றரை லிட்டர். அதுவும் சரி. "இன்னும் இடம் இருக்கே" என்று மூன்றாவது முக்கால் லிட்டரைத் தூக்கினால் இரண்டேகால் லிட்டர்! கால் லிட்டர் அதிகம். 700 மில்லி பாட்டில் மூன்று வாங்கினாலும் 100 மில்லி தாண்டிவிடும். அரை டம்ளர் விஷயம். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

வெளிநாட்டு விமான நிலையக் கடைகளில் தொங்கும் பலகை வேறு ஆசை காட்டும். இரண்டு வாங்கினால் மூன்றாவது மலிவு, அல்லது மூன்றாவது சும்மா. கடைக்காரர் சும்மா கொடுத்தது என்று சுங்க அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. சும்மா வந்த பாட்டிலுக்கும் லிட்டர் உண்டு.

இன்னொரு குழப்பம் 5 லிட்டர். "ஏர்லைன்ஸ்காரனே 5 லிட்டர்னு போட்டிருக்கானே, நீ என்ன 2-ங்கறே?" என்று ஊரில் வாதாடுபவர்கள் உண்டு. அவர் சொல்வதும் பொய் இல்லை. 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பானத்தை, கடையில் விற்ற சீல் உடையாமல், ஒரு ஆள் 5 லிட்டர் வரை விமானத்தில் ஏற்றலாம். 70-க்கு மேல் போனால் ஏற்றவே விடமாட்டார்கள். ஆனால் அது தீப்பிடிக்கும் பயத்துக்குப் போட்ட கணக்கு. விமானத்தில் ஏறுவதற்கு 5. வரி இல்லாமல் வெளியே வருவதற்கு 2. நடுவில் உள்ள 3 லிட்டருக்கு வரி கட்டவேண்டும்.

வரி லேசுப்பட்டதா? வெளிநாட்டு விஸ்கிக்கு நம் நாட்டு சுங்க வரி நெடுங்காலமாக 150 சதவீதம் என்று இருந்து வந்தது. ஒரு பாட்டிலை 3 ஆயிரம் ரூபாய் என்று மதிப்பு போட்டால் அந்தக் கணக்கில் வரி மட்டும் நாலாயிரத்து ஐந்நூறு. பாட்டிலை விட வரி பெரிசு!

பச்சையா, சிவப்பா?

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது இரண்டு வழி. பச்சை வழி, சிவப்பு வழி. 'என்னிடம் வரி கட்ட வேண்டிய சாமான் எதுவும் இல்லை' என்கிறவர் பச்சையில் போகலாம். இருக்கிறது என்கிறவர் சிவப்பில் போய்ச் சொல்ல வேண்டும்.

சிவப்பில் போய் "சார், ஒண்ணு கூட இருக்கு" என்று சொன்னால் வரியோடு முடிந்தது. வரி கட்ட மனம் இல்லை என்றால் விட்டுவிட்டு வரவேண்டியதுதான். பச்சையில் விறுவிறு என்று நடந்து, எக்ஸ்ரே எந்திரத்தில் மூன்று கழுத்து தெரிந்தால் கதை வேறு. சுங்கச் சட்டம் 1962-ம் வருடத்தியது. அதன்படி பறிமுதலும் உண்டு, அபராதமும் உண்டு. லாபம் பார்த்து 2 ஆயிரம் மிச்சம் பிடித்தவர் அதைவிட அதிகம் அழுதுவிட்டு வருவார்.

புருஷன், பெண்டாட்டி சேர்ந்து வந்தால்? ஆளுக்கு 2 லிட்டர். ஆனால் புருஷன் பெட்டியில் 3, பெண்டாட்டி பெட்டியில் 1 என்று வைத்துக்கொண்டு "மொத்தம் நாலுதானே" என்றால் ஏற்கமாட்டார்கள். ஒருவர் சலுகையை மற்றவர் சலுகையோடு சேர்த்துக் கூட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது.

சவூதியில், குவைத்தில் வேலை செய்யும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அங்கே மது சட்டப்படி கிடையாது. வாங்கி வர வழி இல்லை. அவர்கள் பெங்களூரில் வந்து இறங்கியதும், சுங்கத்தைத் தாண்டும் முன்பே உள்ள வரி இல்லாக் கடையில் வாங்குகிறார்கள். அதற்கும் அதே 2 லிட்டர்தான். வழியில் துபாயில் மாறும்போது 2, இங்கே இறங்கி 2 என்று வாங்கினால் நாலாகிவிடும்.

கையில் வாங்கிய பாட்டிலை சீல் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள். வீடு வரும் வரை அதைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டு சதி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அப்புறம் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் என்றாலே சந்தேகம். மும்பையில் இறங்கி அங்கிருந்து உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து உள்ளே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சோதனை மேஜையிலேயே அதற்குக் கருமாதி.

விமானத்துக்குள் திறந்து ஊற்றிக்கொள்வது? அறவே கூடாது. ஊழியர் கொடுப்பதை மட்டும்தான் குடிக்கலாம். தகராறு செய்தால் பெயர் 'பறக்கத் தடை' பட்டியலில் ஏறும். 2017-ல் வந்த விதி அது.

ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்

சுங்கம் விட்டுவிட்டது. அப்பாடா என்று காரில் ஏறினால் ஆச்சா? இன்னும் ஆகவில்லை.

தேவனஹள்ளி, பெங்களூர், அத்திப்பள்ளி. அப்புறம் ஜூஜூவாடி. அங்கே தமிழ்நாடு. சூளகிரி, கிருஷ்ணகிரி தாண்டினால் தர்மபுரி. இந்த ரோட்டில் மதுவிலக்கு போலீசாருக்கு ஓய்வே கிடையாது. காரணம் பாரின் சரக்கு அல்ல. கர்நாடகத்து அட்டைப் பாக்கெட்! மலிவாகக் கிடைக்கும் அந்தச் சரக்கு காய்கறி மூட்டைக்கு அடியில், பஸ் சீட்டுக்கு அடியில், ரயில் கழிவறைப் பக்கம் என்று எல்லா வழியிலும் வருகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடிக் கிடந்த நாட்களில் இது உச்சத்துக்குப் போனது.

பெங்களூரில் கிடைக்கிறதே என்று உள்ளூர்க் கடையில் நாலு பாட்டில் வாங்கி விமான நிலையப் பாட்டிலோடு சேர்த்து வைத்தால் வந்தது வினை. வெளி மாநில சரக்கு கடத்தியதாக வழக்கு பாயும். வண்டியும் போகும். வாடகைக் கார் டிரைவர் பாவம், அவர் பாட்டிலைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார். வண்டி அவருடையதாச்சே!

விமான நிலையக் கடை பில், பாஸ்போர்ட், விமான டிக்கெட் துண்டு மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். "எங்கே வாங்கினது?" என்று டார்ச் அடித்துக் கேட்கும்போது பெட்டியைக் கவிழ்த்துத் தேடக் கூடாது. இன்னொன்று, அழைத்து வரப் போகிற மச்சான் வழியிலேயே 'திறப்பு விழா' நடத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே, தூக்கக் கலக்கத்தில், ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்க!

ராஜாஜி ஆரம்பித்த இடம்

தர்மபுரிக்காரரை மதுவிலக்குச் சட்டம் விரட்டுவதில் ஒரு பழைய கதை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1-10-1937 அன்று ராஜாஜி கொண்டு வந்தார். அன்றைக்கு தர்மபுரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல். ஆக கள்ளுக்கடைகளுக்கு முதலில் பூட்டுப் போட்ட மண் இது. போன கள்ளு வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். கள்ளுக்கடை பூட்டில் பிறந்த அந்த வரியை கடைக்காரர்கள் பல தலைமுறையாகக் கட்டினார்கள்.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் மறுபடி வந்தது. 1981-ல் மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இத்தனைக்கும் 1937-ம் வருடத்துச் சட்டம்தான் இன்றைக்கும் போலீசார் வழக்கு எழுதும் சட்டம்! வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு மாநிலத்தில் அளவு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் விற்பதற்கு அளவே கிடையாது. ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம். "வாங்கின காசையாவது குடுத்துடறேன் மாப்ளே" என்று நண்பர் நோட்டை நீட்டும்போது சுங்கத்தில் தப்பித்தவர் இங்கே சிக்குவார்.

காலி பாட்டிலுக்கு ஆள்!

பாரின் பாட்டில் என்றாலே அசல் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. "ஏர்போர்ட் சரக்கு, பாதி விலை" என்று காதோரம் வந்து சொல்லும் ஆசாமிகள் இருக்கிறார்கள். காலியான வெளிநாட்டு பாட்டிலில் மட்ட சரக்கை ஊற்றி மூடி போட்டு விற்பது பழைய தொழில். உள்ளே மெத்தனால் இருந்தால் கண் போகும், அப்புறம் உயிர் போகும். மணமும் நிறமும் காட்டிக் கொடுக்காது.

2008 மே மாதம் நினைவிருக்கிறதா? பெங்களூர், ஆனேக்கல், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலி வேலைக்காரர்கள்தான் அதிகம். அதே மாதம் 24-ந் தேதிதான் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தது. அங்கே கண்ணாடி அலமாரியில் ஸ்காட்ச் அடுக்கினார்கள். இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் பிணம் அடுக்கினார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மது அடியோடு தடை செய்யப்பட்ட குவைத்தில் 2025 ஆகஸ்டில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 23 பேர் இறந்ததாக அந்த நாட்டு அரசே அறிவித்தது. எல்லோரும் ஆசிய நாட்டவர். லீவு முடிந்து திரும்பிப் போகிறவர் இங்கிருந்து ஒரு பாட்டிலை ஒளித்து எடுத்துப் போவதும் அந்த ஊர்களில் விளையாட்டு அல்ல. வேலையும் போகும், விசாவும் போகும், ஜெயிலும் கிடைக்கும்.

ஊரில் பாட்டில் தீர்ந்த மறுநாளே பழைய பேப்பர்காரர் வருகிறார். பீர் பாட்டிலை மூட்டையில் எறிபவர், சீமைப் பாட்டிலை மட்டும் தனியாக வைக்கிறார். லேபிள் கிழியாமல் இருந்தால் விலை கூட. மூடி இருந்தால் இன்னும் கூட. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

விவரம் தெரிந்த வீட்டுக்காரம்மாக்கள் கொடுப்பதும் இல்லை. லேபிளை ஊறவைத்துச் சுரண்டி, சுடுதண்ணீரில் கழுவி, பிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலாக வைத்துவிடுகிறார்கள். 2 வருஷம் கழித்து அடுத்த லீவுக்கு அவர் வரும்போதும் அது அங்கேதான் இருக்கும்.