ஆச்சி அனுப்பும் குரல்

ஆச்சிக்கு எழுதத் தெரியாது. எண்பதுகளில் மாமா துபாய்க்குப் போனபோது, ஏர்மெயில் கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். எனக்குப் பத்து வயது. 'நலம், நலமறிய ஆவல்' அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது நானாகப் போட்டுக்கொண்டது. வட்டிக் கடனையும் அத்தையோடு வந்த மனத்தாங்கலையும் சின்னப் பயலிடம் சொல்லி எழுத வைக்க முடியுமா? அவை அவள் நெஞ்சிலேயே தங்கின.

பிறகு கேசட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் அதை 1963-லேயே வெளியிட்டுவிட்டது; எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்தது வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த 'டூ-இன்-ஒன்' ரேடியோ-கேசட் பெட்டியோடு. பழைய பாட்டுக் கேசட்டின் முதுகில் உடைந்திருக்கும் சின்ன ஓட்டையைக் காகிதம் வைத்து அடைத்தால், பாட்டை அழித்துப் பேச்சைப் பதியலாம். பக்கத்துக்கு அரை மணி நேரம். ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். ஆச்சி முதல்முறையாகத் தன் வாயாலேயே கடிதம் 'எழுதினாள்'. ஆனால் மாமாவின் பதில் வரும்போது வீடே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அத்தைக்கென்று அவர் என்னதான் சொல்லியிருக்க முடியும்! எழுபதுகளின் பிற்பகுதியில் எஸ்.ஏ.ஜமீல் பாடிய மலையாள 'துபாய் கத்துப் பாட்டு' வளைகுடாவெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் அது. வீட்டில் சொல்ல முடியாததை ஊரறியப் பாடிவிட்டது.

எஸ்.டி.டி. பூத், செல்போன் எல்லாம் வந்து போயின. 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்ததும், ஆச்சி விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டாள். இப்போது மாமா மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு; குரல் பதிவுக்கு இல்லை. உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சராசரியாக 700 கோடி குரல் பதிவுகள் போவதாக 2022-இல் அந்த நிறுவனமே சொன்னது. அதில் நாலைந்து எங்கள் ஆச்சியுடையவை. பாதிப் பேச்சில் விரல் நழுவினால் பதிவு போய்விடும். மிச்சம் அடுத்ததில் வரும். நடுவில் கோழி விரட்டுவாள். எழுத்தறியாத அவளுக்கு ஓர் அடையாளம் மட்டும் அத்துபடி: அந்தச் சின்ன மைக் நீலமானால் பேரன் கேட்டுவிட்டான்.

எப்படிக் கேட்டான் என்பதை நீலம் சொல்லாது. 2021-இல் வேகத்தைக் கூட்டும் வசதி வந்தது. ஆச்சியின் நாலு நிமிடத்தை அவன் இரண்டில் முடித்துவிடுகிறான். நானும் அப்படித்தான். அவள் யோசித்து இழுக்கும் 'ம்ம்...' அதில் இருந்த இடம் தெரியாது.

போன மாதம் அவன் அனுப்பிய பதிலை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பழக்கதோஷம், வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். ஆச்சி போனையே உற்றுப் பார்த்தாள்.

"ஏல, பய ஏன் மூச்சு விடாம பேசுதான்? யாரும் வெரட்டுதாவளா?"