உங்களுக்குத் தெரியுமா? மொட்டை மாடி அறைக்கு வைஃபை ஏன் ஏறுவதில்லை

சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பலருக்கு மொட்டை மாடி அறைதான் அலுவலகம். கூடத்து ரௌட்டரின் சிக்னல் அங்கே போய்ச் சேர, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்ட வேண்டும். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4-ஐவிட அதிகமாகத் தேய்ந்துபோகும். குறுக்கே தண்ணீர்த் தொட்டி இருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும்.

பலரும் உடனே ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அனுப்பும் மலிவு ரகம் வேகத்தைப் பாதியாக்கிவிடும். கேட் 6 கேபிளை மேலே இழுத்து, நுனியில் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே என் கட்சி. ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும். மூன்று மாடி வீட்டுக்கு அது தாராளம். வெளிச்சுவரில் போவதானால், வெயில் தாங்கும் உறையுள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

அறை தனிக் கட்டடமாக இருந்தால் ஃபைபர் நல்லது. உலோகம் கலக்காத கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் அந்த வழியாகக் கருவிகளுக்கு ஆபத்து வராது.

கம்பியில்லா இணைப்பில் சென்னைக்குத் தனி வரலாறே உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், தொலைபேசியையும் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையத்தையும் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இல்லாமலே கொண்டு சேர்த்தது. வெளியிடங்களில் உரிமமின்றி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பயன்படுத்த மத்திய அரசு தாராளமாக வழிவிட்டது 2018-ல்தான்.